காலை ஏழு மணிக்குக் காலியாக இருந்த கரை

நான் வரைந்த முதல் பூங்காவில் முப்பத்தெட்டுப் படகுகளுக்கு இடமில்லை. அப்படிப் படகுகள் இருப்பதே எனக்குத் தெரியாது.

நகரமைப்பில் பி.பிளான் முடித்ததும் மாநகராட்சியில் ஒப்பந்த வேலை. தினமும் சிதம்பரத்திலிருந்து கடலூருக்குப் பஸ். உப்பனாற்றங்கரையில் நீளமாக ஒரு அரசுப் புறம்போக்கு. யாராவது வளைத்துப் போடுவதற்குள் சுற்றிலும் கம்பி வேலி, உள்ளே நடைபாதை, பெஞ்சு என்று பூங்கா ஆக்க வேண்டும்.

காலை ஏழு மணிக்கு ட்ரோன் விட்டோம். அதற்குமேல் கடல்காற்று எழுந்தால் படம் ஆடும். இந்தத் தொழிலில் எல்லோருக்கும் அதுதான் நேரம். ரோட்டில் நின்றே பறக்கவிட்டோம், மணலில் கால் வைக்கவில்லை. படத்தில் வெறும் கரை. லே-அவுட்டில் 'காலி இடம்' என்று எழுதி, தண்ணீர் ஓரமாக வேலி வரைந்து, பொறியாளர் மேடத்திடம் கொடுத்துவிட்டேன். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

கையெழுத்தாக வேண்டிய நாளுக்கு முந்தின நாள் காலை, வேலிக்குச் சுண்ணாம்புக் கோடு போடப் போனேன். மணலில் வரிசையாக மூங்கில் முளைகள். யாரோ பிளாட் பிரிக்கிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன். அன்னக்கூடையோடு உட்கார்ந்திருந்த அஞ்சலை அக்கா மீன் விற்பவர். அவரிடம் கேட்டேன்.

"யாருக்கா இத நட்டது? ஆக்கிரமிப்பா?"

"எந்த ஊரு தம்பி நீ?"

"சிதம்பரம்."

"அதான். கொஞ்ச நேரம் குந்து. தானா தெரியும்."

ஒன்பது மணிக்குப் படகுகள் திரும்பின. ஒவ்வொன்றாகக் கரையேற்றி முளையில் கட்டினார்கள். முப்பத்தெட்டு எண்ணினேன். என் வேலி இருந்தால் ஒன்றுகூட ஏற முடியாது. டேப்லெட்டில் ட்ரோன் படத்தை அக்காவிடம் காட்டினேன்.

"மார்க்கெட்டுக்குப் போன நேரம் பாத்து, வூட்ல ஆளில்லன்னு பூட்டு போட்ட கதையா இருக்குது," என்றார்.

ஒன்று மட்டும் புரியவில்லை. இருபுறமும் ஷெட்டும் காம்பவுண்டும் தண்ணீர்வரை வந்திருக்க, இந்தத் துண்டு மட்டும் எப்படித் தப்பியது? அக்காவிடமே கேட்டேன்.

"படகு நிக்கிற எடத்துல எவன் வந்து கட்டுவான்?"

மேடத்துக்குப் போன் போட்டேன்.

"நாளைக்கு கையெழுத்து, இன்னிக்கு கரெக்‌ஷனா? காலேஜ் ரெக்கார்ட் நோட்டுன்னு நெனச்சியாப்பா?"

"நாளைக்கு ஒன்பதரைக்கு நேர்ல வந்து பாருங்க மேடம். அப்பறம் திட்டுங்க."

மறுநாள் வந்தார். ஜீப் நுழைய வழியில்லை. படகுகளுக்கு நடுவே புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

"இதெல்லாம் எப்ப வந்தது?"

"நீங்க ஆபீஸ் வர்றதுக்கு முன்னாடியே வந்துருச்சி மேடம்," என்றார் அஞ்சலை அக்கா. மேடம் சிரித்துவிட்டார். அன்று கையெழுத்துப் போடவில்லை.

வேலி ரோட்டோரம் போனது. நடைபாதையும் பெஞ்சும் அதை ஒட்டியே. தண்ணீர் ஓரத்தில் 'படகுத்துறை' என்று எழுதினேன்.

இப்போது என் வரைபடங்களில் வடக்கு அம்புக்குறிக்குப் பக்கத்தில் படம் எடுத்த நேரமும் இருக்கும். 'காலி இடம்' என்று எழுதக் கை போனால், முதலில் அந்த இடத்துக்குப் போய், யாராவது திரும்பி வருகிறார்களா என்று குந்திப் பார்க்கிறேன்.