அக்கா வெளியூர் போயிருக்காங்க

எனக்கு மீசை இருக்கு. நல்ல அடர்த்தியான மீசை. அதை முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா மதுரையில ஒரு வாரப் பேப்பர்ல பதினோரு வருசமா 'அக்கா'ங்கிற பேர்ல பொம்பளைங்க கேள்விக்குப் பதில் எழுதுறது நான்தான். மாமியார் சண்டை, புருசன் குடி, டாக்டர்கிட்டகூட வாய் விட்டுச் சொல்ல முடியாத வலி எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். எனக்கு முந்தி எழுதினவரும் ஆம்பளைதான். பேருக்குப் பக்கத்துல ஒரு படம் போடுவோம். கொண்டை, கண்ணாடி, லேசா ஒரு சிரிப்பு. லேஅவுட் பண்றவரு பத்து நிமிசத்துல வரைஞ்சு குடுத்தது.

போன மாசிக்கு முன்னாடி ஒரு நாள், பேரையூர்ப் பக்கத்துல இருந்து ஒரு அம்மா ஆபீசுக்கு வந்தாங்க. கையில தாம்பூலத் தட்டு. வெத்தலை, பாக்கு, பழம், மேல மஞ்சள் தடவின கல்யாணப் பத்திரிகை.

"அக்காவைப் பாக்கணும்ண்ணே."

ஊரைச் சொன்னதுமே ஆள் தெரிஞ்சு போச்சு. ரெண்டு மாசத்துக்கு முந்தி எழுதியிருந்தாங்க. புருசன் இல்ல. ஒத்தைப் பொண்ணு. அவளுக்குக் கல்யாணம். தாலி இழந்தவ மேடை ஏறக் கூடாது, நானும் என் பொண்டாட்டியும் நின்னு தாரை வார்த்துக் குடுக்குறோம்னு கொழுந்தன் சொல்லிட்டாராம். நான் பதில் போட்டிருந்தேன்: "பெத்தவ நீ, வளத்தவ நீ. மேடையில நீதான் நிக்கணும். எவன் தடுத்தாலும் நில்லு." அஞ்சு நிமிசத்துல எழுதிட்டு டீ குடிக்கப் போயிட்டேன்.

"கொழுந்தன் சிரிக்கிறாருண்ணே," ன்னாங்க அந்தம்மா. "அப்படி ஒரு பொம்பளையே கிடையாதாம். இப்பல்லாம் கம்ப்யூட்டரே எழுதிருதாம். நெசமா ஒருத்தி இருந்தா சபையில கொண்டாந்து காட்டு, அப்புறம் மேடை ஏறுன்னுட்டாரு. நானும் எல்லாரு முன்னாடியும் சரின்னுட்டேன்."

கம்ப்யூட்டர்ன்னதும் எனக்குச் சுருக்குன்னு ஏறிச்சு. நான்தான்மா எழுதினேன், இந்தக் கைதான்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. ஆனா அந்தக் கடுதாசியில இன்னும் ரெண்டு பக்கம் இருந்துச்சு. பேப்பர்ல போட வேணாம், உங்களுக்கு மட்டும்தான்க்கான்னு எழுதினது. ஒரு பொம்பள இன்னொரு பொம்பளகிட்ட மட்டும் சொல்ற விசயம். அதை இந்த மீசைக்காரன் படிச்சிருக்கான்னு தெரிஞ்சா அந்தம்மா எந்த மூஞ்சியோட வெளிய போவாங்க?

"அக்கா வெளியூர் போயிருக்காங்க," ன்னேன்.

"எந்த ஊருக்கு?"

"கோயம்புத்தூருக்கு. வர ரொம்ப நாளாகும்."

அந்தம்மா என்னையே பாத்தாங்க. என் பேனா, எனக்கு முன்னாடி பிரிச்சுக் கிடந்த கடுதாசிங்க, மறுபடி என் மூஞ்சி. தட்டை நான் வாங்க நீட்டின கை அப்படியே நிக்குது.

"அவங்க கையில குடுத்தாத்தான்ண்ணே பத்திரிகை வச்ச மாதிரி. உங்ககிட்ட குடுத்தா தபால்ல போட்ட கணக்குத்தான்."

தட்டை எடுத்துக்கிட்டு, எனக்குன்னு ஒரு பத்திரிகையை மட்டும் மேசையில வச்சுட்டுப் போனாங்க. பிரிச்சுப் பாத்தா, பெரியப்பா, சித்தப்பா, மாமா வரிசையில கடைசியா 'அக்கா'ன்னு நான் எழுதுற பேரு. பத்திரிகையில பேரு போட்டவங்க வராமப் போனா எங்க ஊருப் பக்கம் எம்புட்டுப் பெரிய அவமானம்னு எனக்குத் தெரியாதா?

அன்னையில இருந்து உக்காந்தா உக்கார முடியல, படுத்தா படுக்க முடியல. செல்லூர்ல எங்க தெருவுல நாள் பூராத் தறிச் சத்தம் கேட்கும், பொறந்ததுல இருந்து கேட்டுப் பழகினதுதான், அதுகூட மண்டையில அடிக்கிற மாதிரி இருந்துச்சு.

"என்ன, குட்டி போட்ட பூனை கணக்கா அலையிறீங்க?" ன்னா வீட்டுக்காரி. சொன்னேன். "அம்புட்டுத்தானே! கண்ணாடியப் போட்டுக் கொண்டையப் போட்டு நான் போயி நிக்கிறேன். ஒரு மணி நேரம். அந்தப் பொம்பள மேடை ஏறட்டும்."

"கிறுக்குப் பிடிச்சிருக்கா ஒனக்கு? அக்கா நான்தான்டி!" ன்னு கத்தினேன். அவ விழுந்து விழுந்து சிரிச்சா.

கல்யாணத்தன்னைக்கு விடியக்கருக்கல்லயே பஸ் ஏறிட்டேன். கொழுந்தன்காரன்கிட்ட நேரா உண்மையச் சொல்லிடணும், ஆம்பளைதான் எழுதினேன், ஆனா எழுதினது நியாயம்னு சபையில சொல்லிடணும். அந்த ரெண்டு பக்கத்தை நெனைச்சு அந்தம்மா கூசிப் போனாலும், பேரு போட்ட ஆள் வராத அவமானம் அதைவிடப் பெருசு. திருமங்கலம் தாண்டுற வரைக்கும் இதையே மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டேன். மண்டப வாசல்ல ஆள் உயரத்துக்கு ஃப்ளெக்ஸ். சொந்தக்காரங்க போட்டோவுக்கு நடுவுல எங்க பேப்பர்ல வர்ற கொண்டைப் படம்!

உள்ள போனா, அந்தம்மா மேடையில நிக்கிறாங்க. மாம்பழ நிறப் பட்டு, முதுகு நிமிந்திருக்கு, மக கை அவங்க கையில. கீழ முதல் வரிசையில கண்ணாடி, கொண்டையோட ஒரு பொம்பள. கொழுந்தனே பவ்யமாக் குனிஞ்சு, "அக்கா, கலர் சோடா குடிக்கிறீங்களா? ஃபேன் காத்து வருதாக்கா?" ங்கிறாரு. அந்தப் பொம்பள என்னையப் பாத்துக் கும்பிட்டாங்க. நானும் கும்பிட்டேன்.

தாரை வார்த்து முடிஞ்சு கெட்டிமேளம் கொட்டினப்ப எனக்குச் சந்தோசம்தான் வந்திருக்கணும். சத்தியமாச் சொல்றேன், வயிறு எரிஞ்சுச்சு. எழுதினது நான், உக்காந்திருக்கிறது எவளோ! பந்தியில உக்காராம வந்த பஸ்ஸுலயே திரும்பிட்டேன்.

அடுத்த வாரம் ஆபீசுக்குக் கடுதாசி வந்துச்சு.

"அக்கா, கல்யாணம் நல்லபடியா முடிஞ்சது. வந்து நின்னது எம்மக தங்கிப் படிச்ச பசுமலை ஹாஸ்டல் வார்டனம்மா. தட்டைக் கடைசியில அவங்க கையிலதான் வச்சேன். உங்க ஆபீஸ் அண்ணன் மூஞ்சியப் பாத்ததுமே நீங்க இல்லன்னு தெரிஞ்சு போச்சு. ஆனா நான் மேடை ஏறணுமே. அந்த அண்ணன் வந்துட்டுச் சாப்பிடாமப் போயிட்டாரு, மனசுக்குச் சங்கடமா இருக்கு, கேட்டதாச் சொல்லுங்க. இல்லாத ஒருத்தரை இருக்காருன்னு சபையில காட்டினது தப்பாக்கா?"

இல்லன்னு தெரிஞ்சும் 'அக்கா'ன்னுதான் ஆரம்பிச்சிருக்காங்க, 'அக்கா'ன்னுதான் முடிச்சிருக்காங்க. தப்பில்லன்னு எழுத எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? தப்புன்னு எழுதத்தான் கை வருமா? பதினோரு வருசத்துல பதில் போடாத கடுதாசி இது ஒண்ணுதான், மேசை டிராயர்ல கிடக்கு. எடுத்து வச்சு உக்காருவேன். உக்காந்த அஞ்சாவது நிமிசம் எந்திரிச்சு டீ குடிக்கப் போயிடுறேன்.