இரட்டை ஜடை

நர்சிங் கல்லூரியில் சேர்வதற்கு முன்பே எனக்குக் கைவந்திருந்த ஒரே நர்சிங் வேலை, ஜடை பின்னுவது. அதுவும் இந்த வேலையில் சேர்த்தி என்று அப்போது தெரியாது.

சாந்தோம் கடலோரம் எங்கள் குப்பம். அப்பா கடலுக்குப் போய்விடுவார். அம்மா விடிவதற்குள் ஷேர் ஆட்டோவில் காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்துக்கொண்டு, அப்படியே மந்தைவெளிப் பக்கம் விற்கப் போய்விடுவார். வீட்டில் நானும் தங்கையும்தான். அவள் படித்த பள்ளியில் இரட்டை ஜடையை மடித்து, சிவப்பு ரிப்பன் கட்டாமல் வந்தால் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். கட்டிவிட என்னைத் தவிர யாரும் இல்லை.

கடற்காற்றில் உப்பேறி அவள் முடி எப்போதும் சிக்காகவே இருக்கும். இழுத்துச் சீவினால் திரும்பி என் முழங்காலைக் கடிப்பாள். கடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். சிக்குக்கு மேலே முடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலேறி வர வேண்டும். அப்போது வலி தலைக்குப் போகாது. வாசலில் பல்தேய்த்துக்கொண்டு போகும் பையன்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

“இன்னாடா, நாளிக்கு மல்லிப்பூ வச்சி வுடுவியா?”

கதவைச் சாத்திவிட்டு அடுத்த ஜடையைத் தொடங்குவேன். இன்றைக்கும் வெயில் ஏறாத காலையில் எங்காவது தேங்காய் எண்ணெய் வாசம் வந்தால், அந்தச் சாத்திய கதவின் இடுக்கில் விழுந்த வெளிச்சமும், பற்களுக்கு நடுவே நான் கடித்துப் பிடித்திருந்த ரிப்பனின் ருசியும் சேர்ந்தே வந்துவிடும்.

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். எங்கள் சர்ச் பங்குச் சாமியார் சொல்லித்தான் நர்சிங் சேர்ந்தேன். பக்கத்து வீட்டு அத்தை அம்மாவிடம் கேட்டார்: “அது பொம்பளைங்க வேலயாச்சே?”

“மீன் விக்கிறதுகூடத்தான் பொம்பளைங்க வேல. உம் புருசன் துன்றான் இல்ல?” என்றார் அம்மா. அதற்குப் பிறகு குப்பத்தில் யாரும் கேட்கவில்லை.

ஆனால் வேலைக்குச் சேர்ந்த மருத்துவமனையில் பதில் சொல்ல அம்மா கூட வர முடியாதே. அடையாறில் ஒரு தனியார் மருத்துவமனை. ஆண் நர்சுகளை அவசரப் பிரிவிலோ, ஆபரேஷன் தியேட்டரிலோ போடுவார்கள். ஒரு வருடம் கழித்து, ஆள் பற்றாக்குறை என்று என்னைப் பெண்கள் வார்டில் போட்டார்கள். நான் போனாலே போர்வை கழுத்துவரை ஏறும். “லேடி சிஸ்டர் யாரும் இல்லீங்களா?” என்று மரியாதையாகத்தான் கேட்பார்கள். சரி என்று திரும்பிவிடுவேன். பிறகு அதே கட்டிலிலிருந்து குரல் வரும், “பிரதர், கொஞ்சம் தூக்கி வுடுங்க.” தூக்குவதற்கு மட்டும் நான் வேண்டும். கல்லூரியில் மன உறுதி பற்றி ஒரு பாடம் இருந்தது, அதில் நல்ல மார்க்கும் வாங்கியிருந்தேன். வார்டில் அதில் ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. மாதக் கடைசியில் வேலையை விட்டுவிடுவது என்று முடிவெடுத்தேன்.

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் என் குப்பத்துத் தோழன் சேல்ஸ்மேன். முதலாளி தென்மாவட்டத்துக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி. அவரிடம் எனக்காகச் சொல்லிவைக்கக் கேட்கலாம் என்று விடுமுறை நாளில் போனேன்.

பட்டுப் பிரிவில் வெள்ளைத் துணி விரித்த மேடைமேல் நின்றிருந்தான். கீழே ஒரு கல்யாண வீட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இவன் பச்சைப் பட்டுப்புடவையைச் சட்டைக்கு மேலேயே சுற்றி, இடுப்பில் கொசுவம் மடித்து, முந்தானையைத் தோளில் போட்டு ஒரு சுற்றுச் சுற்றி நின்றான்.

“பார்டர் எப்டிக்கா?”

“உனக்கே எடுப்பா இல்லியேப்பா” என்றார் ஒரு அம்மாள். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே மெரூன் கலரை எடுத்துச் சுற்றினான். நான் தூணுக்குப் பின்னால் நின்று அடக்க முடியாமல் சிரித்தேன்.

டீக்கடையில் கேட்டான், “இன்னாத்துக்கு மச்சி அவ்ளோ சிரிப்பு?”

“பொடவ கட்டிக்கினு நின்னே, வேற இன்னா பண்ண?”

“மொத மாசம் எனக்கும் கூச்சமாத்தான் இருந்திச்சி. எங்க அக்கா பாத்துட்டுப் போயி குப்பம் பூரா சொல்லிச்சி. அப்பால கூச்சத்த வுட்டுட்டேன். அவுங்க பொடவயத்தான் பாக்குறாங்க மச்சி, என்னிய இல்ல.”

“என்னிய மட்டுந்தான் பாக்குறாங்க மச்சி” என்றேன்.

அவன் டீயை முழுவதும் குடித்து முடித்தான். “சரி வுடு. அண்ணாச்சியாண்ட சொல்லிட்றேன். ஒண்ணாந்தேதிலேர்ந்து வந்துரு.”

நான் கேட்டது கிடைத்துவிட்டது. அடுத்த நாள் வார்டுக்குப் போகும்போது, இன்னும் கொஞ்ச நாள்தானே என்ற நிம்மதியோடுதான் போனேன்.

அங்கே இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருந்தார் மயிலாப்பூர்ப் பெரியம்மாள் ஒருவர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து தினமும் வந்து கூட இருப்பார். லேடி சிஸ்டர் வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டவர்களில் பெரியம்மாளும் ஒருவர். படுக்கை விரிப்பு மாற்ற வேண்டும் என்று அன்று என்னைத் தூக்கக் கூப்பிட்டார்கள். தூக்கும்போது பெரியம்மாள் முகம் சுளித்தார். இடுப்பு வலி என்றுதான் நினைத்தேன். பார்த்தால், முடி தோளுக்கடியில் மாட்டி இழுபட்டிருந்தது. நரைத்த முடி, இடுப்புவரை இருக்கும். வாரக்கணக்கில் படுத்தே கிடந்ததில் பின்னந்தலையில் தேங்காய் நார் உருண்டைபோல் சிக்கு.

“சாயங்காலம் கட் பண்ண ஆள் வரச் சொல்லியிருக்கேன்” என்றார் மகள். “வேற வழி தெரியலை.”

பெரியம்மாள் சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணோரம் ஈரமாக இருந்தது.

“வெட்ட வேணாம் மேடம். கொஞ்சம் டைம் குடுத்தா நான் எடுத்துடுவேன்.” என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

“நீங்களா?” என்றார் மகள்.

அவர் மேலே ஏதும் சொல்வதற்குள் பெரியம்மாள் திரும்பினார். “பண்ணட்டுமே. வெட்டறதுக்கும் ஆம்பளைதானே வரப்போறான்?”

பக்கத்துக் கட்டிலில் மாடவீதிப் பூக்காரம்மா ஒருவர், காலில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் போர்வையை ஏற்றுகிறவர்களில் முதல் ஆள். தலையணைக்கடியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினார். “இந்தா தம்பி, என்னாண்ட எண்ண கீது. நல்லா ஊத்து.”

எண்ணெயை ஊறவிட்டு, சிக்குக்கு மேலே பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து ஆரம்பித்தேன்.

“வலிக்கவே இல்லையே” என்றார் பெரியம்மாள். “யார்கிட்ட கத்துண்டே?”

“தங்கச்சிகிட்டம்மா. வலிச்சா கடிச்சிடும்.”

அவர் சிரித்ததில் கட்டில் லேசாக ஆடியது. “எனக்குப் பல் செட்டு. நீ தைரியமாப் பண்ணு.”

“அந்தாண்ட ஒரு முடிச்சி வுட்டுட்ட பாரு” என்று பூக்காரம்மா எட்டிக் காட்டினார். “காதாண்ட இல்ல, அதுக்குப் பின்னாடி.” மகளும் எழுந்து வந்து பார்த்தார். எல்லார் கண்ணும் அந்த முடிச்சின் மேலேயே இருந்தது.

படுத்த நோயாளிக்கு ஒற்றைப் பின்னல் கூடாது, தலைக்கடியில் அழுத்தும். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பின்னல்தான் போட வேண்டும் என்று கல்லூரியில் சொல்லித்தந்திருந்தார்கள். வலது பக்கம் பின்னி முடித்தபோது என் சட்டைப்பையில் போன் அடித்தது. கையெல்லாம் எண்ணெய். பூக்காரம்மா கேட்காமலே கையை நீட்டி அதை எடுத்து என் காதில் வைத்துப் பிடித்தார்.

“மச்சி, அண்ணாச்சி கேக்குறாரு. ஒண்ணாந்தேதி வரியா, இல்லியா?”

இடது பக்க முடியை மூன்றாகப் பிரித்து விரலிடுக்கில் பிடித்திருந்தேன். விட்டால் மறுபடி முதலிலிருந்து.

“இல்ல மச்சி. வேற ஆள பாக்கச் சொல்லு.”

“இன்னா மச்சி ஆச்சி திடீர்னு?”

“கையில வேல கீது. அப்பால பேசறேன்.”

பூக்காரம்மா போனைத் திரும்பப் பையில் போட்டார். இரண்டாவது ஜடையையும் பின்னினேன். கட்டுவதற்கு ரிப்பன் இல்லை. பேண்டேஜ் துணியைக் கிழித்து, ஒரு துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு, பழைய வழக்கத்தில் இரண்டையும் மடித்தே கட்டிவிட்டேன். மகள் தன் போனில் அம்மாவுக்கு முகத்தைக் காட்டினார். பெரியம்மாள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைச் சாய்த்து வெகுநேரம் பார்த்தார்.

“ஸ்கூலுக்கு நாழியாயிடுத்து போல இருக்கே” என்றார்.

நான் கை கழுவத் திரும்பினேன். பூக்காரம்மா கொண்டையை அவிழ்த்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.