நேட்டிவ் எது?

எனக்குச் சந்தேக புத்தி. நெட்வொர்க் வேலைக்கு வந்தபின் அதுவே தொழிலாகிவிட்டது. கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி கூப்பிட்டபோதும், இவர் எதையோ மறைக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: “நாம வெளியூருக்கு என்ன விலை போடுதோம்னு பக்கத்து ஆபீஸ்காரனுக்கு மறுநாளே தெரிஞ்சிருது. கணக்கு எழுதுத புள்ள மேலதான் சந்தேகம். அசலூர்க்காரி. என் கம்ப்யூட்டர அது பாக்க முடியாதபடி பிரிச்சு விடும். பிறவு அதை வேலைய விட்டு நிப்பாட்டிருதேன்.”

கம்ப்யூட்டர் வயர்களெல்லாம் வந்து சேரும் சுவிட்ச் பெட்டியில் விலான் போட்டால், ஒரே பெட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாத தடுப்புகள் எழும்பும். முதலாளிக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று என்று பிரித்தேன். அந்தப் பெண் என் திரையை அடிக்கடி எட்டிப் பார்த்தாள். திருட்டு முழி என்று எனக்கும் பட்டது.

பிரித்த பிறகும் முதலாளியின் விலானில் யாருடைய செல்போன்களோ தெரிந்தன. கணக்கு கம்ப்யூட்டரில் இருந்து அங்கே போக வழியே இல்லை. இதே தொழிலில் இருக்கும் நண்பனுக்குப் போன் போட்டேன். “நேட்டிவ்லதான் கோளாறு. அத மாத்தணும்” என்றேன். ஒரு சுவிட்சில் இருந்து இன்னொன்றுக்கு அடையாளச் சீட்டு இல்லாமல் வருவதை எல்லாம், கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொள்ளும் விலானுக்கு நேட்டிவ் என்று பெயர். இங்கே அது முதலாளியின் விலானாகவே இருந்தது.

நான் போனில் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்த கணக்குப் பெண் வெடுக்கென்று எழுந்தாள். “என் நேட்டிவ எதுக்கு சார் மாத்தணும்? எங்க ஊரு எப்போதும்வென்றான்தான். ஆதார்லயும் அப்படித்தான் இருக்கு. என்னப் பத்தி விசாரிக்குதீங்களா?”

சிரிப்பு வந்தது. அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் வெட்கமாகப் போய்விட்டது.

பேக்கிங் ஹால் சுவிட்சில் இருந்து புழுதி படிந்த ஒரு வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். முதலாளியின் மச்சினர் மேஜைக்கு அடியில் ஒரு வைஃபை பெட்டி இருந்தது. பாஸ்வேர்டே கிடையாது. சுவருக்கு அந்தப் பக்கம்தான் பக்கத்து ஆபீஸ். தெரியாமல் மாட்டினாரா, தெரிந்தேதானா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

முதலாளியைக் கூட்டிவந்து காட்டினேன். குனிந்து பெட்டியைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“நம்ம வீட்டு ஆளு. தெரியாம மாட்டிருப்பாவ. வெளிய சொல்லாண்டாம்.”

“அப்ப அந்தப் பொண்ணு, அண்ணாச்சி?”

“இருந்துட்டுப் போட்டும். அது கம்ப்யூட்டர மட்டும் தனியாவே வையும்.”

எனக்கு எரிச்சலாக வந்தது. பெட்டியைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, நேட்டிவை யாருமே இல்லாத வெற்று விலானுக்கு மாற்றினேன்.

கிளம்பும்போது அவள் வாசல்வரை வந்தாள்.

“நேட்டிவ மாத்திட்டீங்களா சார்?”

“அது சுவிட்சோட நேட்டிவ்மா. உங்க வேலைக்கு ஒண்ணும் வராது.”

“அப்படியே எனக்கும் கோவில்பட்டின்னு மாத்தி விட்டிருக்கலாம்லா சார்” என்றாள்.