முதலில் ஏறினேன், கடைசியாக இறங்கினேன்

எனக்கு முழங்கால் வலி கிடையாது. ஐம்பத்தாறு வயதாகிறது. குன்னூரில் எங்கள் வீட்டுக்கு ரோட்டிலிருந்து நூற்றுப் பதினெட்டுப் படி ஏறவேண்டும். காஸ் சிலிண்டர் போடுகிற ஆள் நடுவில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குவார், நான் நிற்பதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் விமானத்தில் ஏறியது ஒரே ஒரு நாள்தான், அன்றைக்குப் போனது வீல்சேரில்.

என் மகள் மும்பையில் ஐந்து வருடமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். கனடாவில் வேலை கிடைத்தது. விசா வருமா வராதா என்று இழுத்தடித்து, கடைசியில் பத்து நாள் இருக்கும்போது வந்தது. வீட்டைக் காலி செய்து, சாமான்களை விற்று, ஆபீஸ் கணக்கை முடித்து வருவதற்கே அந்தப் பத்து நாள் போதாது. ஊருக்கு வந்துபோக நேரமில்லை, ஏர்போர்ட்டுக்காவது வாங்கம்மா என்றாள். சாயங்காலம் ஐந்தரைக்கு அவளுக்கு விமானம், இரண்டரைக்குள் உள்ளே போயாக வேண்டும். கோயம்புத்தூரிலிருந்து பதினோரு மணிக்குக் கிளம்பும் விமானம் ஒரு மணிக்கு அங்கே இறங்கும். ஒன்றரை மணி நேரம் என் பிள்ளை எனக்குக் கிடைப்பாள், அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் வரவில்லை. பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார், ஆணி, பெயிண்ட், தகரம். ஒரு நாள் கடையைச் சாத்தினால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. ஆனாலும் மாட்டேன் என்றார். "நான் வந்தா அங்கயே நின்னு அழுதுருவேன். நீ கெட்டிக்காரி, நீ போயிட்டு வா." கல்யாணமாகி முப்பது வருடத்தில் அவர் வாயால் நான் கெட்டிக்காரி ஆனது அன்றைக்குத்தான்.

எனக்கு அவள் போவதில் இஷ்டமில்லை. வாயைத் திறந்து சொல்லவில்லை, சொன்னால் சண்டை வரும். விசா வரக்கூடாது என்று மாரியம்மன் கோயிலில் நின்று வேண்டிக்கொண்டவள் நான். பெற்றவள் வேண்டிக்கொள்கிற வேண்டுதலா அது? அதற்காக எனக்கு வெட்கமும் இல்லை, வருத்தமும் இல்லை. அலுப்புதான் மிச்சம்.

வீல்சேர் யோசனை என்னுடையதல்ல. கீழ் வீட்டில் இருப்பவர் பக்கத்தில் வெலிங்டனில் ராணுவ ஆபீஸில் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர். டெல்லியில் இருக்கும் மகனைப் பார்க்க வருடத்துக்கு இரண்டு முறை பறக்கிறார், பஸ்ஸில் ஊட்டிக்குப் போய்வந்த மாதிரி பேசுவார். எனக்கு எழுதப் படிக்கிற அளவுக்கு ஆங்கிலம் தெரியும், டீ பாக்டரி ஆபீஸில் இருபது வருடம் பில் போட்டிருக்கிறேன். பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அங்கே போய் எந்த வாசலில் நிற்பது, எங்கே பையைப் போடுவது என்று நான் பயந்ததைப் பார்த்துவிட்டு அவர்தான் சொன்னார். "ஏனுங்க, முட்டி வலின்னு ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு வீல்சேர் கேளுங்க. ஒருத்தரும் சோதிக்க மாட்டாங்க. வாசல்ல ஏத்துனாங்கன்னா நேரா பிளைட்டுக்குள்ளதான் எறக்குவாங்க. வரிசையும் இல்ல, ஒண்ணும் இல்ல."

மும்பையில் விமானத்திலிருந்து இறக்குவதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மகளிடம் இதைச் சொல்லாமல் மறைத்தேன். அவளுக்கு இதெல்லாம் ஆகாது. சின்ன வயதில் குன்னூர் பஸ் ஸ்டாண்டில் அவள் அப்பா ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடித்தால், அந்த சீட்டில் உட்கார மாட்டேன் என்று மேட்டுப்பாளையம் வரை நின்றுகொண்டே வந்தவள். வரிசையை மீறினாய் என்று தெரிந்தால் பெற்ற தாய் என்றும் பார்க்க மாட்டாள்.

காலையில் ஆறரைக்கு டாக்ஸி. மலையில் பனிமூட்டம், காட்டேரி வளைவு தாண்டும்வரை வண்டி ஊர்ந்தது. ஆனாலும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். ஏர்போர்ட் வாசலில் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு முனகல் முனகினேன். உடனே நாற்காலி வந்தது. தள்ளுகிறவர், "பாத்து உக்காருங்கம்மா" என்று காலை எடுத்துவைத்தார். என் காலை அடுத்தவர் எடுத்துவைப்பது, பிள்ளை பெற்ற ஆஸ்பத்திரிக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. சோதனை போடுகிற இடத்தில் கொஞ்சம் எழுந்திருக்க முடியுமா என்று ஒரு பெண் போலீஸ் கேட்டபோது, சட்டென்று எழுந்துவிட்டேன். பிறகு ஞாபகம் வந்து இன்னொரு முறை முனகினேன். அவள் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள், தினம் எத்தனை பேரைப் பார்க்கிறாளோ.

உள்ளே போனால் என்னையும் சேர்த்து எட்டுப் பேர் வரிசையாக வீல்சேரில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மட்டும் நிஜம், வலது பக்கம் இழுத்துக்கொண்ட பெரியவர், வாய் லேசாகக் கோணியிருந்தது. மற்றவர்கள் எல்லாம் நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறவர்கள். ஒரு அம்மாள் எழுந்துபோய் காபி வாங்கிக்கொண்டு வந்து மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்கு அவரைப் பார்க்க எரிச்சலாக வந்தது, நான் என்னவோ ஒழுங்கு மாதிரி.

ஏறுகிற நேரத்தில் மைக்கில் கூப்பிட்டார்கள். முதலில் வீல்சேர், பிறகு கைக்குழந்தைக்காரர்கள், ராணுவத்தார், அதற்கப்புறம் முன்னால் ஏறுவதற்கென்றே கூடுதலாகப் பணம் கட்டியவர்கள். பஸ்ஸில் முண்டியடிப்பதற்கு ஒரு நியாயம் உண்டு, பின்னால் ஏறினால் நின்றுகொண்டு போகவேண்டும். இங்கே சீட்டு நம்பர் கையில் இருக்கிறது, அதை ஒருவரும் துண்டு போட்டுப் பிடிக்கப்போவதில்லை. அப்படியும் முன்னால் ஏறினவன் முகத்தில் ஒரு மிதப்பு. எனக்கும் இருந்திருக்கும். காலி விமானத்தில் முதல் ஆளாகப் போய் கடைசி வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்தபோது, கீழ் வீட்டுக்காரர் கெட்டிக்காரர்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்து வந்தது நாய்.

ஒரு பை, அதற்குள் வெள்ளையாக, பஞ்சுமூட்டை மாதிரி ஒரு நாய், பையைத் தூக்கிக்கொண்டு முப்பது வயதுப் பெண். நாயோடு வருகிறவர்களை முன்னாலேயே ஏற்றிக் கடைசி வரிசையில் உட்கார வைப்பார்களாம். எனக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, பையை முன் சீட்டுக்கு அடியில் தள்ளினாள். மசினகுடியில் ஒரு ரிசார்ட்டில் மூன்று நாள் இருந்துவிட்டுத் திரும்புகிறார்களாம். ஜீப்பில் போகும்போது யானையைப் பார்த்ததிலிருந்து இது இப்படியே குரைத்துக்கொண்டிருக்கிறது, மன்னிக்க வேண்டும் என்றாள். எங்கள் மலையில் நாய் என்றால் அதற்கு ஒரு வேலை உண்டு. சிறுத்தை வந்தால் குரைக்க வேண்டும், காட்டெருமை வந்தால் ஓடி ஒளிய வேண்டும். டிக்கெட் வாங்கிக்கொண்டு, ராணுவத்தாருக்கு முன்னால் ஏறி, ஆகாயத்தில் உட்கார்ந்து குரைக்கிற நாயை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

விமானம் கிளம்பவே ஐம்பது நிமிடம் தாமதம். என்ன காரணம் என்று மைக்கில் சொன்னது எனக்குப் புரியவில்லை. ஐம்பது என்பது மட்டும் புரிந்தது. ஒன்றரை மணி நேரம் நாற்பது நிமிடமாகச் சுருங்கிவிட்டது. மகளுக்கு போன் போட்டேன். பதற வேண்டாம், நான் வெளியில் வந்து நிற்கும் வாசலிலேயே காத்திருப்பதாகச் சொன்னாள். அதற்குள் நாய் குரைத்தது. யாரம்மா அது என்று கேட்டாள். நாய் என்றேன். விமானத்திலா என்றாள். ஆமாம், அதற்கு விமானம் எனக்கு முன்னாலேயே பழக்கம்போல என்றேன். சிரித்தாள்.

மேலே போனதும் நாய் ஊளையிட ஆரம்பித்தது. முன் வரிசையில் ஒருவர் திரும்பித் திரும்பி முறைத்தார். அந்தப் பெண் பைக்குள் கையைவிட்டுத் தடவினாள், கொஞ்சினாள், கடைசியில் அவள் கண்ணே கலங்கிவிட்டது. எனக்குக் காது அடைத்தபோதுதான் விஷயம் புரிந்தது. மலைப்பாதையில் பர்லியார் இறங்கும்போது எங்கள் எல்லோருக்கும் காது அடைக்கும். பஸ்ஸில் பிள்ளைகள் அழுதால் வாயில் எதையாவது கொடுத்து மெல்ல வைப்போம். மகளுக்கென்று கொண்டுபோன ஊட்டி வர்க்கிப் பொட்டலத்தைப் பிரித்து ஒரு துண்டை நீட்டினேன். காதைக் காட்டி, நாயை மென்று தின்ன வைக்கச் சொல்லி ஜாடை செய்தேன். அவள் யோசித்துவிட்டுக் கொடுத்தாள். நாய் மென்றது, சத்தம் நின்றது. மென்று முடித்ததும் இன்னும் வேண்டும் என்று குரைத்தது. மும்பை போய்ச் சேரும்முன் பாதிப் பொட்டலம் காலி. விடியற்காலையில் போட்டது என்று பேக்கரிக்காரரிடம் கேட்டுக் கேட்டு வாங்கிய வர்க்கி.

இறங்கும்போது மணி ஒன்று ஐம்பது. கதவு திறந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். வீல்சேரில் ஏறிய எட்டுப் பேரில் ஆறு பேர் அவரவர் பெட்டியை மேலிருந்து தாங்களே எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று நடந்தார்கள். காபி அம்மாள் இரண்டு பெட்டி எடுத்தார். எனக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை. பொய் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும், சொன்ன பொய்யை நடுவழியில் கீழே போட அதைவிடப் பெரிய துணிச்சல் வேண்டும். நான் அரைகுறையாக எழுந்தேன். விமானப் பெண் ஓடிவந்து என் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். நாற்காலி வருகிறது, அதுவரைக்கும் எழுந்திருக்கக் கூடாது என்றாள். அவள் முகத்தில் அத்தனை கரிசனம். காலையில் ஏறும்போது இவள் கையைப் பிடித்துக்கொண்டும் முனகியிருந்தேன்.

கடைசியில் விமானத்தில் மிஞ்சியது நான்கு பேர். முன்னால் அந்தப் பெரியவர், பின்னால் நான், நாய், நாய்க்காரப் பெண். நாயோடு வந்தவர்களும் கடைசியில்தான் இறங்க வேண்டுமாம். ஒரு நாற்காலி வந்தது, பெரியவரை ஏற்றிக்கொண்டு போயிற்று. அடுத்தது இதோ என்றார்கள். மணி இரண்டு. இரண்டு ஐந்து. மகள் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாள், எங்கம்மா இருக்கீங்க என்று. வந்துட்டே இருக்கேன் கண்ணு என்று உட்கார்ந்த இடத்திலிருந்து சொன்னேன்.

பக்கத்துப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் நான் பாத்ரூமுக்கு நடந்துபோனதை அவள் பார்த்திருக்கிறாள். வெளியே யார் காத்திருக்கிறார்கள் என்று கேட்டாள். மகள், கனடா, இரண்டரை என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். எழுந்து ஓடுங்கள் ஆன்ட்டி, இவர்களிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றாள். அப்போதும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? முட்டியைத் தடவிக்கொண்டே, வலி, ரொம்ப வலி என்றேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

இரண்டு பத்துக்கு நாற்காலி வந்தது. தள்ளியவர் வேகமாகத்தான் தள்ளினார், பாவம். வழிநெடுக கண்ணாடியும் கூட்டமும். இரண்டு இருபதுக்கு வெளி வாசலுக்கு வந்தோம். கம்பிக்கு அந்தப் பக்கம், இரண்டு பெரிய பெட்டியோடு என் மகள் நின்றிருந்தாள். இளைத்திருந்தாள். நடந்து வரும் ஆட்களின் முகத்தையே தேடிக்கொண்டிருந்ததால் முதலில் என்னைப் பார்க்கவில்லை. பிறகு கண்ணைத் தாழ்த்தினாள்.

அவள் முகம் அப்படி மாறி நான் பார்த்ததில்லை. பெட்டிகளை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து என் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். இரண்டு முழங்காலையும் பிடித்துக்கொண்டாள்.

"எப்ப இருந்தும்மா? ஏன் எங்கிட்டச் சொல்லல? அப்பாவும் சேந்து மறைச்சிட்டாங்களா?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் தலையை ஆட்டிக்கொண்டே சொன்னாள், "நான் போகலம்மா. உங்கள இப்படி விட்டுட்டு எங்கயும் போகல."

இரண்டு மாதமாக நான் கோயிலில் நின்று கேட்டது இந்த ஒரு வார்த்தையைத்தான். கேட்டபடியே வந்து என் மடியில் விழுந்தது. நான் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை, சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். இதைச் சொல்வதற்கு எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். நான் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவள் உச்சியில் ஒரு நரைமுடி இருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது வயது முடியவில்லை. இங்கேயே இருக்கட்டும், எண்ணெய் வைத்து விடலாம் என்று நினைத்தேன்.

பிறகு எழுந்தேன். "எனக்கு ஒண்ணும் இல்ல கண்ணு. வரிசைக்குப் பயந்து பொய் சொல்லி இதுல ஏறிட்டேன். நல்லாத்தான் இருக்கேன். நீ கெளம்பு."

அவள் நம்பவில்லை. தன்னை அனுப்பி வைப்பதற்காக நான் வலியைப் பொறுத்துக்கொண்டு நிற்பதாக நினைத்தாள். காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மணி இரண்டு இருபத்தைந்து. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, தூரத்தில் ஒரு தூணைக் காட்டினாள்.

"அது வரைக்கும் நடந்து போயிட்டு வாங்க. நான் பாக்கணும்."

நடந்தேன். ஊர் பேர் தெரியாத அத்தனை ஜனத்துக்கு நடுவில், புடவைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவள் என் காலையே பார்க்கிறாள் என்று தெரிந்து, தூண்வரை போய்த் திரும்பி வந்தேன். ஒரு எட்டுகூடத் தடுமாறவில்லை. என் பிள்ளையைக் கனடாவுக்கு அனுப்புவதற்காக அத்தனை நன்றாக நடந்தேன்.

அவள் பார்த்து முடித்தாள். பெட்டிகளை எடுத்துக்கொண்டாள்.