கோழி புகுந்த கொலைக் கதை

பள்ளி நூலகத்தம்மாவுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் உஷ்ஷம்மா. அவர் ஒரு ‘உஷ்’ போட்டால் மின்விசிறிகூட மூச்சை அடக்கிக்கொண்டு சுற்றும். அப்படி ஓர் அதிகாரம் இருந்து என்ன பயன், அடக்குவதற்கு ஆள் வந்தால்தானே? ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் உள்ளே வருவது காற்று வாங்கவும் குட்டித் தூக்கம் போடவும்தான். அவரும் வாசலில் வண்ணப் படம் ஒட்டினார், வகுப்பு வகுப்பாகப் போய்க் கெஞ்சினார். தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

தலைமையாசிரியரோ அந்த அறையில் போடுவதற்கென்று டேபிள் டென்னிஸ் மேசையே வாங்கி வராந்தாவில் சாத்திவிட்டார். “பருவத் தேர்வு வரைக்கும் பார்ப்போம்மா. பசங்க வரலன்னா புத்தகத்தையெல்லாம் பெட்டியில கட்டிட்டு நீங்க ஆபீசுக்கு வந்துடுங்க” என்றார், ஏதோ உபகாரம் செய்கிறவர் மாதிரி.

கிழிந்த புத்தகத்தைக் காட்டினால் எவன் தொடுவான் என்று, உஷ்ஷம்மா பழைய புத்தகங்களையெல்லாம் மூட்டையாகக் கட்டித் தன் கொழுந்தனின் பைண்டிங் கடைக்கு அனுப்பினார். புத்தம் புது அட்டையோடு திரும்பி வந்தன. பார்க்க மணப்பெண் மாதிரி இருந்தன. அப்போதும் யாரும் சீண்டவில்லை.

ஒருநாள் கணக்கு வாத்தியார் வரவில்லை. பத்தாம் வகுப்பை நூலகத்துக்குத் தள்ளிவிட்டார்கள். நெட்டையன் என்று பெயரெடுத்த பையன், போனும் பிடுங்கப்பட்ட கொடுமையில், கைக்கு அகப்பட்ட கொலைக் கதையைப் புரட்டினான். புரட்டியவன் மூழ்கிப்போனான். மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. உஷ்ஷம்மாவுக்கு உள்ளூரக் குளிர்ந்தது. அடுத்த நிமிடம் புத்தகம் மேசைமேல் பொத்தென்று விழுந்தது.

“என்னம்மா இது அநியாயமா இருக்கு? பொறந்ததுலேர்ந்து முதல் தடவையா ஒரு புத்தகத்தை முழுசாப் படிக்கிறேன். துப்பறியறவரு ‘இதோ கொலைகாரன்’னு விரலை நீட்டறாரு. பக்கத்தைத் திருப்பினா கோழிக்குத் தண்ணி வைக்கச் சொல்றாங்க.”

உஷ்ஷம்மா எடுத்துப் பார்த்தார். அதற்குமேல் கடைசிவரை கோழி வளர்ப்புதான். கொழுந்தனுக்குப் போன் பறந்தது.

“ஒரே ஒரு தும்மல் அண்ணி” என்றார் அவர். அவர் தும்மினால் அடுத்த தெருவில் கதவு சாத்திக்கொள்ளும். பிரித்து வைத்திருந்த தாள்கட்டுகள் எல்லாம் பறந்து கலந்திருக்கின்றன. “எல்லாம் ஒரே அளவு. நாற்பத்தெட்டுக்கு அப்புறம் நாற்பத்தொன்பது வருதான்னு பார்த்துப் பார்த்துத் தைச்சேன். பக்க எண்ணுல ஒரு தப்பு இருக்காது அண்ணி.”

“இருக்காதுப்பா. புத்தகம்தான் தப்பு. உங்க குடும்பத்துல எல்லாத்துக்கும் பதில் இருக்கும், புத்திதான் கிடையாது.”

பக்க எண் சரியாக இருந்ததால் புரட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. படித்தால்தான் எங்கே கதை மாறுகிறது என்று தெரியும். கொலைகாரனைத் தேடி நெட்டையன் தன் கூட்டத்தையே இறக்கினான். தேடப் போனவர்கள் ஆளுக்கொரு கதையில் மாட்டிக்கொண்டு, அதன் மீதியைத் தேட ஆரம்பித்தார்கள். “ராணி தப்பிச்சாளா, யாராவது பார்த்தீங்களா?” “இங்க ஒரு பேய் அநாதையா நிக்குது, யாரோடது?” என்று சந்தைக் கூச்சல். உஷ்ஷம்மாவின் ‘உஷ்’ஷை ஓர் ஈகூட மதிக்கவில்லை. அவர் வரிசைப்படி அடுக்கியதெல்லாம் தரையில் கிடந்தது. படிக்க மாட்டேன் என்றபோதும் உயிரை வாங்கினார்கள், படிக்கிறபோதும் உயிரை வாங்குகிறார்களே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

பருவத் தேர்வு முடிந்ததும் தலைமையாசிரியர் அளவு நாடாவோடு வந்தார். சுவரை அளக்க விட்டால்தானே? அலமாரியோடு அலமாரியாகப் பிள்ளைகள் ஒட்டிக்கிடந்தார்கள். “கொஞ்சம் நில்லுங்க சார், ராணி இந்தப் பக்கம்தான் இருக்கா” என்று ஒருத்தி அவரை ஒரு முக்காலியில் உட்கார வைத்தாள். சும்மா இருப்பானேன் என்று அவரும் ஒரு புத்தகத்தை எடுத்தார்.

மறுநாள் காலை உஷ்ஷம்மா பூட்டைத் திறக்குமுன்னே தலைமையாசிரியர் வாசலில் நின்றார்.

“அந்தக் கப்பல் முழுகிச்சாம்மா, இல்லையா? புயல் நடுவுல திடீர்னு ஸ்வெட்டர் பின்னச் சொல்றாங்க. ராத்திரி தூக்கமே இல்ல.”

“யாருக்குத் தெரியும் சார். தேடணும்.”

“ரூமைப் பூட்டிடாதீங்க, மேசையை வேற எங்கயாவது போட்டுக்கறேன். முதல்ல கப்பலைத் தேடுங்க.”

“எனக்கு ரெண்டு கைதான் இருக்கு. முன்னால எட்டு பேர் கேட்டிருக்காங்க” என்று எரிந்து விழுந்தபடி உஷ்ஷம்மா சாவியை எடுத்தார். “வரிசையில நில்லுங்க.”