லாத்தா மெயினை அணைத்த சாயங்காலம்

2008 வாக்கில் ராமநாதபுரத்தில் கரண்ட் போவது ஒரு செய்தியே இல்லை. ஒரு நாள் போகாமல் இருந்தால்தான் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். அப்போது நானும் லாத்தாவும் சேர்ந்து ஒரு கம்ப்யூட்டர் சென்டர் நடத்தினோம். நான் கடலாடிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். அவர் திருப்பாலைக்குடிக்காரர், என்னைவிட மூத்தவர், அதனால் எனக்கு லாத்தா; அங்கே முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவருடைய கணவர் சவூதியில் வேலை பார்த்தார். எனக்கும் அவர் மச்சான்தான்.

எங்கள் கம்ப்யூட்டர்களில் ஓடியது, யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம் என்று திறந்துவைத்த ஓர் ஆப்பரேட்டிங் சிஸ்டம். எங்கெங்கோ இருப்பவர்கள் மெயிலில் சண்டை போட்டுக்கொண்டே அதைக் கட்டினார்கள். அந்தச் சண்டைக்காரர்களில் நானும் ஒருத்தி. எந்த டேட்டாபேஸ் லைப்ரரியைச் சிஸ்டத்தோடு சேர்த்துக் கொடுப்பது என்று அப்போது பேச்சு. மற்ற நிரல்களுக்குள் உட்கார்ந்துகொண்டு அவற்றின் தகவல்களைச் சேர்த்துவைக்கிற சின்னச் சாமான்தான் அது. ஏற்கெனவே இருந்தது வேகமானது. புதிதாக வந்தது மெதுவானது. ஒன்றை டிஸ்கில் பத்திரமாக எழுதி முடித்த பிறகுதான் அடுத்ததைத் தொடும். குழுவில் எல்லாருக்கும் வேகத்தின் மேல்தான் கண். கரண்டே போகாத ஊர்க்காரர்கள், அவர்களுக்கென்ன!

என் ஆத்திரத்துக்குக் காரணம் உண்டு. லாத்தாவின் மெயில்கள் அந்த வேகமான லைப்ரரியில்தான் கிடந்தன. ஒரு நாள் மெயில் இறங்கிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய், மொத்த ஃபைலும் பாழாய்ப் போனது. மகள் பிறந்த அன்று மச்சான் எழுதியதும் அதில்தான் இருந்தது. யாரோ நண்பரின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அனுப்பியது. மச்சானிடமும் நகல் கிடையாது. லாத்தா இரண்டு நாள் அந்த ஃபைலையே திறந்து திறந்து பார்த்தார். பிறகு என்னிடம், “வேகமா ஓடி என்னத்தக் கண்டோம் புள்ள, இருக்கிறது போகாம இருந்தாப் போதும்” என்றார்.

குழு முடிவெடுக்கும் நாள் வந்தது. வாய்ப்பேச்சு அங்கே எடுபடாது. இரண்டு லைப்ரரிகளையும் ஓயாமல் எழுத வைத்து, தினமும் மத்தியானம் வருகிற பவர் கட்டின்போது எது பிழைக்கிறது என்று காட்டிவிடுவது என் திட்டம். ஓட விட்டுவிட்டு டீ வாங்கப் போனேன். திரும்பி வந்தால் திரை கறுப்பு. ஆகா, கட் வந்துவிட்டது என்று நிமிர்ந்தால், தலைக்கு மேல் ஃபேன் சுற்றுகிறது. கட் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் எல்லாக் கம்ப்யூட்டர்களையும் முறையாக மூடிவிடுவது எங்கள் சென்டர் வழக்கம். பழக்க தோஷத்தில் லாத்தா அதையும் மூடிவிட்டார். தலையில் அடித்துக்கொண்டேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அடுத்த நிமிஷமே கரண்ட் போனது, யாருக்கும் பயனில்லாமல்.

கரண்ட் திரும்ப வந்ததும் மறுபடி ஓட விட்டேன். இனி அன்றைக்குக் கட் கிடையாது. குழுவோ சாயங்காலத்தோடு பேச்சை முடித்துவிடும். மெயின் சுவிட்சை நாமே அணைத்துவிடலாம் என்றேன். லாத்தாவுக்கு மனசே வரவில்லை. ஓடுகிற மெஷினை அப்படியே சாகடிப்பதா என்று முனகினார். அப்புறம் பிஸ்மி சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு மெயினை இறக்கினார்.

வேகமானதன் ஃபைல் திறக்கவே இல்லை. மெதுவானது, கடைசியாக எழுதிக்கொண்டிருந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அப்படியே வைத்திருந்தது. நடந்ததை எழுதி அனுப்பினேன். கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு மெதுவானதையே எடுத்துக்கொள்வதாகப் பதில் வந்தது. சந்தோஷத்தில் எனக்குக் கை கால் ஓடவில்லை. பதிலை லாத்தாவுக்குப் படித்துக் காட்டினேன்.

லாத்தா திரைப் பக்கம் குனிந்து கேட்டார்:

“அப்ப, போனது திரும்ப வருமா?”

“வராது லாத்தா. இனிமே வாரது போகாது.”

அது அவருக்கும் தெரிந்ததுதான். இருந்தாலும் கேட்டார். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டி, மச்சானுக்கு எழுதினார்: “பிள்ளை பிறந்தன்னைக்கி நீங்க எழுதுனது, ஞாபகம் இருக்கிற வரைக்கும் இன்னொரு தடவை எழுதுங்க.”