தூக்காத கை

மூன்று வருடங்களுக்கு முன், தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் வந்து இறங்கும் விமானங்களுக்கு வழி சொல்லும் அறையில் வேலையில் இருந்தேன். வெளியே இடி மழை. உள்ளே ஆள் குறைவு. காய்ச்சல் என்று இரண்டு பேர் எம்.சி. எடுத்து மருத்துவ விடுப்பில் இருந்தார்கள். அதனால் இரண்டு பேர் பார்க்க வேண்டிய வான்பகுதி என் ஒருத்தி தலையில்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. சமாளிக்க முடியாவிட்டால் கையைத் தூக்கலாம். மேற்பார்வையாளர் உடனே பாதியைப் பிரித்து வேறொருவரிடம் கொடுப்பார். ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் எனக்குத்தான் கை எழாது. பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு!

என்னோடு பயிற்சி முடித்த தோழி, இடைவேளைக்குக் கிளம்பும்போது என் திரையை எட்டிப் பார்த்தாள்.

"கையத் தூக்கு லா. நான் பாதிய எடுத்துக்கறேன்."

"நீ போய் டீ குடி. நான் பாத்துக்கறேன்."

அவள் போன பிறகுதான் ஆரம்பித்தது. மேகத்துக்குள் நுழைய முடியாதென்று விமானிகள் ஒவ்வொருவராக விலகிப் பறக்க அனுமதி கேட்டார்கள். ஒருவருக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தவர் கூப்பிட்டார். வாய் வறண்டு போயிற்று. தண்ணீர் பாட்டில் பக்கத்திலேயே இருந்தது, எடுக்க நேரமில்லை. அந்த அவசரத்தில் ஒரு விமானத்தை ஏழாயிரம் அடிக்கு இறங்கச் சொன்னேன். மழைக்காக ஒதுங்கிய திருச்சி விமானத்தை அதே ஏழாயிரத்தில் நானேதான் நிறுத்தி வைத்திருந்தேன். அதைச் சுத்தமாக மறந்துவிட்டேன்.

மோதும் அபாயம் என்று திரையில் இரண்டும் சிவப்பாக மின்னின. ஐயோ! எத்தனை பேர் இருப்பார்கள், எத்தனை குழந்தைகள்? எப்படியோ திருச்சி விமானத்தை உடனே வலப்பக்கம் திரும்பச் சொன்னேன். மற்றதை எட்டாயிரத்திலேயே நிற்கச் சொன்னேன். இரண்டு விமானிகளும் நான் சொன்னதைத் திருப்பிச் சொன்னார்கள். சிவப்பு மறையும்வரை நான் மூச்சு விடவில்லை.

டீ குடிக்காமலே திரும்பி வந்திருந்தாள் தோழி. என் கையைப் பிடித்து மேலே தூக்கினாள்.

என் இடத்தில் வேறொருவரை உட்கார வைத்தார்கள். நடந்ததை ஒளிக்காமல் எழுதிக் கொடுத்துவிட்டு, பூ வாங்க லிட்டில் இந்தியாவுக்கு ரயில் ஏறினேன். எதிர் இருக்கையில் பெட்டிகளோடு ஓர் இளம் அம்மா. மடியில் பெண் குழந்தை. போனில் யாரிடமோ பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தார்.

"திருச்சியிலேருந்து நல்லாத்தான் வந்தோம். இறங்கப்போற நேரத்துல திடீர்னு ஒரு திருப்பு திருப்புனான் பாருங்க! பாப்பாவோட தீபாவளிச் சட்டை பூரா வாந்தி. எவனுக்குப் பொறுப்பிருக்கு, சொல்லுங்க?"

குழந்தையின் சட்டையிலிருந்து புளித்த வாடை அடித்தது. பையிலிருந்த டிஷ்யூ பாக்கெட்டை எடுத்து நீட்டினேன். "தேங்க்ஸ்க்கா" என்றார் அவர். குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. அதற்கு மேல் தாங்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

இன்றைக்கும் திரையில் விமானங்கள் பெருக ஆரம்பித்தால், அந்தக் குட்டிச் சட்டையின் புளித்த வாடை எங்கிருந்தோ மூக்கில் ஏறும். என் கை தானாக மேலே போய்விடும்.